நீ போட்டுக் காட்டாமல் போன ஒலிப்பதிவு

வெள்ளிக்கிழமை காலை கொல்லங்கோட்டில் பேருந்துக்கு நின்றிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. உன் பாட்காஸ்டில் புதிய பகுதி வந்திருப்பதாக அறிவிப்பு. உன்னை எரித்துவிட்டு வந்த அதே வாரம். எடுத்துப் பார்க்கும்போதே தொட்டுவிட்டேன். "வணக்கமுங்க, நல்லாருக்கீங்களா?" என்றாய். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆவி, அசரீரி எதையும் நம்பாதவள் நான். தானாக வெளியாகும்படி முன்கூட்டியே நாள் குறித்து வைத்திருந்தாய், அவ்வளவுதான் என்று அறிவு சொன்னது. ஆனாலும் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: இந்தப் பகுதியில் பேசியிருக்கும் சூரியநெல்லித் தோட்டத்துப் பார்வதிக்கு இதை நீ போட்டுக் காட்டவே இல்லை.

நாளிதழ் நிருபராக இருந்தபோது நீ ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் பெயரைப் போட்டு எழுதிய செய்தியால் அவருக்கு வேலை போனது. அந்த வேலையை விட்டுவிட்டு, வெளிச்சத்தம் வராமல் கண்ணாடி ஏற்றிய பழைய காருக்குள் உட்கார்ந்து சொந்தமாகப் பேசத் தொடங்கியபோது ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாய். உன்னிடம் பேசியவர் வீட்டுக்கே போய் முழுதும் போட்டுக் காட்டுவாய். அவர் சரி என்றால்தான் வெளியாகும்.

"இப்படிக் கேட்டுட்டிருந்தா ஒருத்தரும் போடுன்னு சொல்லமாட்டாங்க புள்ள" என்றேன்.

"புரொபசரம்மா, பேச்சு அவங்களுதுங்க. நான் வாங்கிட்டு வந்தவ" என்று என்னிடமே 'ங்க' போட்டுச் சிரித்தாய்.

வெளியீட்டு நாளை முதலில் குறித்துவிடுவாய். "அப்பத்தான் இந்தச் சோம்பேறி மலையேறுவா" என்பாய். பார்வதியைப் பார்க்கக் கிளம்ப இருந்த காலையில்தான் குளியலறையில் விழுந்தாய்.

கடவுச்சொல் என்னிடமும் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே என் கைப்பேசியில் ஒரு பிரதி இறக்கிக்கொண்டு அந்தப் பகுதியை நீக்கினேன். அதற்குள் யார் கேட்டார்களோ, தெரியாது.

மறுநாள் நான் சூரியநெல்லிக்குப் போனபோது பார்வதி தொழிலாளர் வரிசையில் இருந்த தன் லயத்து வீட்டு வாசலில் நின்று என் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா வண்டிய நிறுத்துறாகளா?"

சொன்னேன். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "போன வாரம் பேசுனாகளே! மீன் கொழம்பு வையி, வாரேன்னாகளே!" இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பிறகு நான் போட்ட ஒலிப்பதிவை முழுதும் கேட்டாள். கூரை ஒழுகுவதை எடுத்துச் சொன்னதற்கு மேலாளர் தன்னை மிரட்டியதை அவள் விவரிக்கும் இடத்தில் நீ குறுக்கிடவே இல்லை. உன் மூச்சு மட்டும் கேட்டது. நீ செய்ததிலேயே சிறந்தது அதுதான். சரி என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வேணாம்மா. அன்னிக்குக் கோவத்துல பேசிட்டேன். எம் மவளுக்கு இப்பத்தான் பேக்டரில வேலை போட்டிருக்காக."

"இது அவ கடைசியாப் பேசினது, பார்வதி."

"தெரியுதும்மா. அக்காவே வந்திருந்தாலும் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அவுக கோவிச்சுக்க மாட்டாக."

வாதாட என்னிடம் நிறையக் காரணங்கள் இருந்தன. உன்னிடமாக இருந்தால் எல்லாவற்றையும் எடுத்திருப்பேன். "சரி" என்று மட்டும் சொன்னேன்.

கடைசியாக என்ன பேசினாய் என்று உன் நேயர்கள் கேட்டு எழுதுகிறார்கள். இன்னும் பதில் போடவில்லை. அது என் கைப்பேசியில் இருக்கிறது. சில நாட்களில் அதை எடுத்து, தொடக்கத்தில் நீ நலம் விசாரிக்கும் வரை கேட்கிறேன். பார்வதி வாய் திறக்குமுன் நிறுத்திவிடுகிறேன்.