மூன்று மெஷின், ஒரு போர்வை

மார்ச் 3, செவ்வாய்

இன்று கண்ணாடிக் கடையில் பதினோரு பேருக்குக் கண் பார்த்தேன். முதல் கண்ணாடி தெளிவா, இரண்டாவது தெளிவா என்று கேட்டால் எல்லோரும் நொடியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிற நான் ஒரு தையல் மெஷினைத் தேர்ந்தெடுக்க முடியாமல் பத்தொன்பது நாளாகத் திண்டாடுகிறேன்.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி மகள் வருகிறாள். நானும் அவள் அப்பாவும் பிரிந்தபோது அவரோடு போனவள். இரண்டு வருடம் கழித்து இப்போதுதான் வருகிறாள், நான்கு நாளைக்கு. அவள் கட்டிலுக்கு ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று செய்கிறேன். மேல்துணிக்கான எண்பது சதுரங்களையும் கையாலேயே இணைத்தாயிற்று. ஆனால் அதற்கடியில் பஞ்சு, பஞ்சுக்கடியில் இன்னொரு துணி – மூன்றையும் சேர்த்துத் தைக்க என் விரல்களுக்குத் தெம்பில்லை. அதனால் மெஷின். அதனால் இந்தப் பாடு.

மார்ச் 6, வெள்ளி

போட்டியில் மூன்று பேர். மாடல் எண்கள் வாயில் நுழையாததால் பட்டப்பெயர் வைத்துவிட்டேன்.

இருநூறு: இருநூறு வகைத் தையல் போடும், சின்னத் திரை உண்டு, ஆள் லட்சணம். அகலக்காரி: ஊசிக்கு வலப்பக்கம் தாராளமான இடம், எவ்வளவு பெரிய போர்வையையும் சுருட்டி உள்ளே விடலாம். விலை என் கையிருப்பைப் போல இரண்டு பங்கு. மொட்டை: நேராகவும் வளைத்தும் தைக்கும், வேறு ஒன்றும் தெரியாது. இடமும் குறுகல். விலை மட்டும் என்னைக் கேட்டு வைத்தது போலிருக்கிறது.

மூவருக்கும் அட்டவணை போட்டேன். எடை, சத்தம், உத்தரவாதம் என்று பதினேழு கட்டம். நிறத்துக்கும் மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். இதை இங்கே ஒப்புக்கொள்கிறேன், வெளியில் மாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

பார்த்த வீடியோ பதினாலு. தைத்தது ஒரு சட்டைப் பொத்தான், அதுவும் கையால்.

மார்ச் 14, சனி

மெஷின் கடைக்கு மூன்றாம் தடவை. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்த அம்மா இப்போதைக்குக் கிளம்பாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மாதிரித் துணியைக் கொடுத்தார். மூன்று மெஷினும் அருமையாகத் தைத்தன. இருநூறு ஒரு வரிசை வாத்து போட்டுக் காட்டியது. மயங்கிவிட்டேன். எனக்கு வாத்து எதற்கு? தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தேன். "போன வாரமும் இதையேதான் சொன்னீங்க" என்றார், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

வீட்டுப்படி ஏறும்போதுதான் உறைத்தது. அவர் கொடுத்தது ஒற்றைத் துணி. நான் தைக்கப்போவது மூன்று அடுக்கு. பதினேழு கட்டம் போட்ட மூளைக்கு இது தோன்றவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

சாப்பாட்டு இடைவேளையில், பஞ்சு வைத்த துண்டு ஒன்றைக் கைப்பையில் திணித்துக்கொண்டு ஓடினேன். நான்கு சதுரம் சேரும் மூலையில் இருநூறு நின்றுவிட்டது. திரை சிவந்து கீச்சென்று கத்தியது. வாத்தெல்லாம் போடத் தெரிகிறது, ஒரு தடிப்பைத் தாண்டத் தெரியவில்லை. மொட்டை தடதடவென்று ஏறி இறங்கிப் போய்விட்டது. இடம் குறுகல், பெரிய போர்வைக்குக் கஷ்டப்படுவீர்கள் என்று கடைக்காரரே எச்சரித்தார்.

சரிதான், யோசித்துச் சொல்கிறேன் என்றேன்!

மார்ச் 20, வெள்ளி

அக்கா போன் செய்தாள். அட்டவணையை முதல் கட்டத்திலிருந்து படித்துக் காட்டினேன். ஆறாவது கட்டத்தில் நிறுத்தினாள்.

"மெஷின் இல்லடி உன் பிரச்சினை. போன வருஷம் மாதிரி அவ கடைசி நேரத்துல வரலைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டு உக்காந்திருக்க."

கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். அப்புறம் அழுதேன். உண்மைதானே. போர்வை முடியாமல் இருந்தால், அவ வரலைன்னாலும் பரவாயில்ல, நானும்தான் முடிக்கலன்னு சொல்லிக்கலாம். முடிச்சு மடிச்சு வச்ச போர்வைய நான் என்ன பண்றது? யாருக்குப் போத்துறது? – இதுக்கு எந்தக் கட்டத்துல மார்க் போடறது?

மார்ச் 21, சனி

மொட்டையை வாங்கிவிட்டேன். கடைக்காரர் நம்பாமல் இரண்டு முறை கேட்டார். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுவது போல ஊசிப் பொட்டலத்துக்குப் பேரம் பேசினேன். இலவசமாகவே கொடுத்து அனுப்பிவிட்டார்.

மார்ச் 29, ஞாயிறு

கூடத்தில் மூன்று அடுக்கையும் விரித்து, நகராமலிருக்க ஊக்கு குத்தினேன். இருநூற்றுச் சொச்சம் ஊக்கு, மூன்று மணி நேரம், முழங்கால் போயிற்று. பெருமையோடு போர்வையைத் தூக்கினால் கூடவே தரைக்கம்பளமும் எழுந்து வருகிறது. கம்பளத்தையும் சேர்த்துக் குத்தியிருக்கிறேன். நான்கு அடுக்குப் போர்வை, உலகத்திலேயே முதல் முறை.

ஏப்ரல் 5, ஞாயிறு

பதினைந்து வரி தைக்க வேண்டும். முடிந்தது நான்கு. சுருட்டிய பாதி உள்ளே நுழைய மறுக்கிறது, மீதிப் பாதி மேசையிலிருந்து நழுவித் துணியை இழுக்கிறது. வரிகள் ஊர்ந்து ஊர்ந்து போகின்றன. மெஷினைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஏப்ரல் 10, வெள்ளி

ஐந்து வரி. அதோடு நிற்கிறது. நாளை பத்து மணி பஸ்ஸில் வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். இதுவரை மாற்றிச் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, சனி

வந்துவிட்டாள். என்னைவிட உயரம். தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா என்று கேட்டாள். என் வீட்டில், என் மகள். திற கண்ணு என்று மட்டும் சொன்னேன். மற்றபடி வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினோம்.

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையில் மெஷின் மீது தொங்கிக்கொண்டிருந்த போர்வையைப் பார்த்து இது என்ன என்றாள். உனக்குத்தான், இன்னும் முடியவில்லை என்றேன். கம்பளக் கதையையும் சொன்னேன். சிரித்தாள். நான் உட்கார்ந்து தைக்க, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரு ஸ்டூலை எடுத்து வந்து எதிர்ப்பக்கம் அமர்ந்து, தொங்கிய பாரத்தையெல்லாம் மடியில் வாங்கிக்கொண்டாள். வரி நேராக ஓடியது.

இடையில் போர்வை மலையாகக் குவிந்திருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"போன வருஷம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேம்மா. நீ கோவமா இருப்பியோன்னு திரும்பிட்டேன்."

நான் பெடலிலிருந்து காலை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அழுதிருப்பேன். கோபமே இல்லை, பயம்தான் இருந்தது என்றேன். எனக்கும்தான் என்றாள்.

அகலக்காரியை வாங்கியிருந்தால் ஸ்டூல் தேவைப்பட்டிருக்காது.

ஏப்ரல் 14, செவ்வாய்

மத்தியானம் பதினைந்தாவது வரி முடிந்தது. ஓரத்தையும் மடித்துத் தைத்தாயிற்று. நாளைக் காலை அவளுக்கு பஸ்.

போர்வையைக் கட்டிலில் விரித்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு தையல் பிரிக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பன்னிரண்டாவது வரியைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"இது கோணலா இருக்கும்மா. மறுபடி தைக்கணும். ஞாயித்துக்கிழமைதான் திரும்பி வருவேன்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்."

குனிந்து பார்த்தேன். நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. ஆமாம், ரொம்பக் கோணல்தான் என்றேன்.