வெயில், உப்பு, தரை

அக்கா,

நேற்று மத்தியானம் உன் மகள் பரணிலிருந்து ஒரு பொட்டலத்தை இறக்கி என் முன்னால் வைத்தாள். பழைய வேட்டித் துணி, சணல், உன்னுடைய இரட்டை முடிச்சு. சித்திரையில் நான் கப்பலுக்குக் கிளம்புவதாக இருந்தேனே, அதற்காக நீ கட்டிவைத்த கருவாடு. அதற்குள் நீ படுத்துவிட்டாய். நான் போகவில்லை, நீதான் போனாய்.

முடிச்சைத் தொடும் முன்பே வாடை வந்துவிட்டது. கருக்களாச்சேரி மணலில் வலையை விரித்து, வாளை மீனைப் பரப்பி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நீ காக்காய் விரட்டுவாய். கானல் ஆடும் நேரத்தில் தூரத்திலிருந்து பார்த்தால் உன் கால்கள் மணலில் படாமல் நடப்பதுபோல் இருக்கும். நேற்று அந்த வாடைக்குள்ளும் அப்படித்தான் நடந்து வந்தாய்.

கப்பல் சமையலறை வேலைக்கு நான் முதன்முதலாகக் கிளம்பியபோதும் இதே மாதிரி ஒரு பொட்டலம் கொடுத்தாய். "வெள்ளக்காரன் சோறு ஒனக்கு எறங்காதுடா. இத சுட்டுத் தின்னு. கூட இருக்கறவங்களுக்கும் குடு." திரும்பி வந்ததும் காபியைக்கூடக் குடிக்கவிடாமல் கேட்டாய்: "கப்பல்ல என்னடா சொன்னாங்க?"

"எல்லாரும் ஒரே வார்த்தைதாங்க்கா சொன்னாங்க. சோல்."

"அப்படின்னா?"

"ஸ்பெயின்காரனுக்கு அது வெயிலு. ரஷ்யாக்காரனுக்கு உப்பு. பிரெஞ்சுக்காரனுக்குத் தரை."

வார்த்தையில் பொய் இல்லை. ஸ்பெயின்காரன் மேல்தளத்தில் முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு சோல் என்பான். ரஷ்யச் சமையல்காரர் கையை நீட்டி அதையே கேட்பார், உப்பு டப்பாவை எடுத்துக் கொடுக்க வேண்டும். பிரெஞ்சு இன்ஜினியர் எண்ணெய் சிந்திய தரையைக் காட்டி அதையே சொல்லித் திட்டுவார். முதல் மாதம் முழுக்க, யார் அதைச் சொன்னாலும் நான் வானத்தைப் பார்ப்பேன், டப்பாவைப் பார்ப்பேன், கடைசியில் என் காலைப் பார்ப்பேன்.

நீ வாய்விட்டுச் சிரித்தாய். "வெயிலு, உப்பு, தரை. கருவாட்டுக்கு வேற என்னடா வேணும்?" மறுநாளே காரைக்காலுக்குக் கூடையோடு போய், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவரிடம் விசாரித்து, தரைதான் என்று உறுதி செய்துகொண்டு வந்தாய். அன்றிலிருந்து தெருவில் உன் குரலே மாறிவிட்டது. "நாலு தேசத்துக்காரன் தின்ன கருவாடு!"

"மூணு தேசந்தானேக்கா?"

"நம்ம தேசத்த விட்டுட்டியேடா, மடையா."

இப்போதாவது சொல்லிவிடுகிறேன். அவர்கள் யாரும் அதைத் தின்னவில்லை. நானும் தின்னவில்லை. ஏறிய மூன்றாம் நாளே அறையில் கூட இருந்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மேலே புகார் சொல்லப்போவதாக மிரட்டினான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் பொட்டலத்தைப் பிரிக்காமலே கடலில் போட்டேன். உடனே அது மூழ்கவில்லை. கொஞ்ச தூரம் கப்பலுக்குப் பின்னாலேயே வந்தது. அடுத்தடுத்த பயணங்களில் பயம்கூட இல்லை, பழகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நீ கேட்டாய், ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தையைச் சொன்னேன்.

நேற்று பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு இதை உன் மகளிடம் சொல்லிவிட்டேன். அவள் அதிரவில்லை.

"அம்மாவுக்குத் தெரியும் மாமா."

"எப்ப?"

"நான் அஞ்சாவது படிக்கறப்ப. கலர் பென்சில் வாங்கிட்டு வாங்கன்னு ஒரு சீட்டு எழுதிப் பொட்டலத்துக்குள்ள வச்சேன். நீங்க சாக்லேட்டோட வந்தீங்க, பென்சில் பத்திப் பேச்சே இல்ல. நான் ஒரே அழுகை. மாமா பிரிக்கவே இல்ல போலருக்குன்னு அம்மாதான் சொன்னாங்க."

"தெரிஞ்சுமா கட்டிக் குடுத்தாங்க?"

"நானும் கேட்டேனே. 'கடல்ல போட்டாலும் போடட்டும்டி. அதுவரைக்கும் அவங்கிட்டதான இருக்கும்'னாங்க."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எல்லாம் தெரிந்துகொண்டே, நான் சோல் என்று சொல்லும்போதெல்லாம் முதல் தடவை கேட்பதுபோலச் சிரித்தாயே அக்கா, அது எப்படி முடிந்தது உன்னால்?

சணலை அறுக்க மனம் வரவில்லை. நகத்தால் நெம்பி நெம்பி முடிச்சை அவிழ்த்தேன். அந்தச் சணல் இப்போது என் சட்டைப்பையில் இருக்கிறது. இரண்டு துண்டை அடுப்பில் சுட்டு, பழையசோற்றோடு வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். புரட்டாசி வெயில் மணலில் அலைந்துகொண்டிருந்தது. நீ வந்து எதிரே குந்தி, என் வாயையே பார்ப்பதுபோல் இருந்தது.

இத்தனை வருஷமாக நீ கேட்டதற்கு நேற்றுதான் பதில் கிடைத்தது. உப்பு கொஞ்சம் கூடுதல், அக்கா. கப்பலில் நாள்பட இருக்கட்டும் என்று அள்ளிப் போட்டிருக்கிறாய். ஒரே ஒரு தடவை தின்றுபார்த்துச் சொல்லியிருந்தால் குறைத்திருப்பாய்.