இரண்டு விரல் மடிப்பு

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று பதறாதே, அவள் நன்றாக இருக்கிறாள், என்னைத் திட்டும் குரலில் ஒரு குறையும் இல்லை. எனக்கும் முழங்கால் வலியைத் தவிர வேறொன்றும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நீ வெளியூர் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, போனில் அம்மாவோடுதான் பேசுகிறாய், என்னைக் கேட்பதில்லை. கேட்கும்படி நானும் நடந்துகொள்ளவில்லை. உன்னை வண்டி ஏற்றிவிட ரயில் நிலையத்துக்கு நான் வரவில்லையே, அதை நீ மறந்திருக்க மாட்டாய்.

அதே நிலையத்தில்தான் இப்போது எனக்கு வேலை, சிரிக்காதே. பெரிய கூடத்தின் கூரையில் புறாக்கள்தானே இருக்கும், அங்கே இப்போது அழகுக்காக ஆயிரத்து இருநூறு துணிகளைத் தொங்கவிடுகிறார்கள். மேலே வெள்ளை, கீழே வரவர நீலம், எட்டு எட்டாகக் கோத்த நூற்றைம்பது சரங்கள். இதை யோசித்துச் செய்கிறவள் உன் வயதுப் பெண், எந்நேரமும் ஏணி மேலேயே இருப்பதால் ஏணிக்காரி என்று பேர் வைத்தேன், அவளும் அதற்கே திரும்பிப் பார்க்கிறாள். துணிகளை அவளே வெட்டிக் கொடுத்தாள், ஓரம் அடிப்பது மட்டும் நம் கடை வேலை. எல்லாம் தைத்து முடித்து முதல் சரத்தைத் தூக்கிக் கட்டினால் ஓர் அடி குறைகிறது. கீழே நிற்கிறவர்கள் கையைத் தூக்கினால் துணி நுனி விரலில் படவேண்டும் என்பது அவள் கணக்கு, யாருக்கும் எட்டவில்லை. நீ வெட்டியதுதான் தப்பு என்று அவளிடம் நான் குதித்தேன். அவள் ஒரு துணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏன் மாஸ்டர், இது என்ன ஸ்கூலுக்கா போகப்போவுது, வளரும்னு மடிச்சு வச்சிருக்கீங்க என்று கேட்டாள். ஒவ்வொன்றிலும் இரண்டு விரல் துணியை உள்ளே விட்டுத் தைத்திருக்கிறேன், ஒன்று பாக்கியில்லை! எட்டுக்கும் சேர்ந்து அதுதான் அந்த ஓர் அடி. முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சீருடை தைத்த கை, நான் சொன்னால் கேட்கிறதா. உன் ஸ்கர்ட்டில் தடியாக மடிப்பு விட்டதற்கு, எல்லாரும் கேலி பண்றாங்கப்பா என்று நீ அழுதது நினைவுக்கு வந்தது. அன்று உன்னையும் அதட்டினேன்.

கூடத்தின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்து அம்மாவும் நானும் பத்து நாளாக மடிப்புகளைப் பிரிக்கிறோம். பொண்ண அனுப்பிவைக்க ஒரு நாள் வராத மனுஷன் இப்ப டெய்லி ஆஜர் என்று அவள் ஏணிக்காரியிடம் சொல்கிறாள், எனக்குக் காது கேட்காத மாதிரி இருந்துவிடுகிறேன். பிரித்த இடத்தில் பழைய ஊசித் துளைகள் வரிசையாக நிற்கின்றன, இஸ்திரி போட்டும் போகவில்லை. இருக்கட்டும் மாஸ்டர் என்று அவளே சொல்லிவிட்டாள். பிரித்து முடித்த சரங்களை அன்றன்றே மேலே கட்டிவிடுகிறார்கள், காலை வெயில் மேல் ஜன்னல் வழியாக வரும்போது அந்தத் துளைகளில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் ஏறுகிறது, முதுகு வலிக்கிறது என்று சாக்குச் சொல்லிவிட்டுத் தரையில் படுத்துப் பார்ப்பேன். நான் கிடக்கிறேனா மிதக்கிறேனா என்றே தெரியாது. நடக்கிறவர்களின் காலடி எங்கோ தூரத்தில் கேட்கும். ஒரு விஷயம் கண்டுபிடித்தேன், வண்டி வரும்போது சத்தத்துக்கு முன்னால் காற்று வந்துவிடுகிறது, துணிகள் முதலில் அசைகின்றன, அப்புறம்தான் மற்றவர்கள் பெட்டியைத் தூக்குகிறார்கள். நேற்று சாயங்காலம் அப்படி அசைந்தபோது கடிகாரத்தைப் பார்த்தேன், நீ போன அதே நாலே கால் வண்டி. எழுந்து நின்றேன். வண்டி கிளம்பியது, துணிகள் எல்லாம் அது போன பக்கமாகவே கொஞ்ச நேரம் சாய்ந்திருந்தன.

நீ கிளம்பிய அன்று அவசர ஆர்டர் இருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. எந்த ஆர்டரும் இல்லையம்மா. நாலே கால் தாண்டும்வரை ஒரு துண்டுத் துணியை வைத்து மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன், நிறுத்திய பிறகுதான் பார்த்தேன், ஊசியில் நூலே இல்லை. நீ போவது பிடிக்காததால் வரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். பிடிக்கவில்லைதான். ஆனால் வந்திருந்தால் எல்லார் முன்னாலும் அழுதிருப்பேன், அதற்குப் பயந்தேன். தப்பு என்னுடையது.

அடுத்த மாதம் பத்தாம் தேதி எல்லாச் சரங்களையும் ஏற்றிவிடுவார்கள். லீவு கிடைத்தால் வா. கண்ணைப் பரிசோதித்துக்கொள், தலைவலியோடு வேலை செய்யாதே, அம்மா இதை இரண்டு தரம் எழுதச் சொன்னாள், ஒரு தரம் எழுதிவிட்டேன். நீ நினைத்ததெல்லாம் நடந்து நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். எந்த வண்டியில் வருகிறாய் என்று மட்டும் மறக்காமல் எழுது. கூடத்திலேயே உட்கார்ந்திருப்பேன், துணி அசையும்போதே எழுந்து பிளாட்பாரத்துக்கு வந்துவிடுவேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா