பார்த்த பிறகு பூசும் மை

பாப்பாவின் அம்மாவுக்கு,

உனக்குக் காய்ச்சல் விட்டதா? நான் நலம்.

சுங்கக் கிடங்கில் எனக்கு இப்போது மை பூசும் வேலை. பார்சலில் வரும் படங்களில் உடம்பு தெரிந்தால் கறுப்பாக்க வேண்டும், இந்த நாட்டு ஆபாசச் சட்டமாம். அச்சடித்த நாட்டில் அதே படம் பள்ளிப் பாடம். இங்கே அதிகாரி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, ஆற அமரப் பார்ப்பார். பிறகுதான் அவருக்கு வெட்கம் வரும்.

நேற்று ஒரு மருத்துவப் புத்தகத்தில் தாய் பால் கொடுக்கும் படம். "அசிங்கம்! பூசுய்யா" என்றார்.

"நீங்க மட்டும் புட்டிப்பால்லயா சார் வளந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். பயப்படாதே, வேலை போகவில்லை.

விரல் வலிக்குத் தைலம் அனுப்பு. வேலைச் சங்கு ஊதுகிறது, முடிக்கிறேன். இனி பாப்பாவுக்குச் சட்டை போட்டுப் படம் எடு. நீ அனுப்பிய குளிக்கிற படம் என் மேஜைக்கே வந்தது. அதிகாரி பக்கத்தில் நிற்க, நான்தான் பூசினேன். முகம் மட்டும் மிச்சம்.

பாப்பாவின் அப்பா