காப்பு அவிழ்க்கும் நாள்

சித்திரை 9, ஞாயிறு

விடியும்போதே வெயில். சுக்கு வாங்கணும். கருப்பட்டி இருக்கிறது. எழுத்து முதியோர் பள்ளியில் போன வருசம் வந்தது. அதுவரை எல்லாம் தலைக்குள்தான். இப்போதும் அங்கேதான் பத்திரம். இது சும்மா, கை பழக.

சாயங்காலம் தேவசகாயம் அண்ணாச்சியின் இரும்புக்கடைக் கிட்டங்கியில், சரக்கு அடுக்கும் கொட்டகையில், கூட்டம். குடியை விட்டவர்கள், விடப் பார்க்கிறவர்கள். சர்க்கார் சாராயக்கடையைத் திரும்பத் திறந்ததிலிருந்து சின்னமனூரில் கூட்டத்துக்கு ஆள் கூடுதல். நான் விட்டு ரொம்ப வருசம். சுக்குக்காப்பி என் பொறுப்பு.

புத்தி சொல்லக்கூடாது, அவரவர் கதை மட்டும். இதுதான் எங்கள் சட்டம். புதுசாக வருகிறவன் முதலில் சொல்வதை அப்படியே மனசில் வைத்துக்கொள்வேன். தடுமாறும்போது அதையே அவனுக்குத் திருப்பிச் சொல்வேன். என் பேச்சைக் கேட்கமாட்டான். அவன் பேச்சைக் கேட்பான்.

தங்கவேலு வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன். ஐப்பசியில் முதன்முதல் நனைந்துகொண்டு வந்தான். சொன்னது: "நான் ஒண்ணும் திருந்த வரல. மழைக்கு ஒதுங்குனேன்." அதே த.வேலு வீரபாண்டி ஆத்தாவுக்குத் தீச்சட்டி எடுக்கப்போகிறான், கையில் காப்பு. யோசனை என்னுடையது. மஞ்சள் கயிறு கையில் இருந்தால் எங்கள் பக்கத்து ஆள் எவனும் சாராயத்தைத் தொடமாட்டான். கூட்டத்தில் எல்லோரும் என் முதுகைத் தட்டினார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

சித்திரை 12, புதன்

முதல் பஸ்ஸில் வருசநாடு. த.வேலுவின் பெண்டாட்டி செல்வி பிள்ளையோடு அவள் ஆத்தா வீட்டில்தான் இருக்கிறாள், அவன் அடித்ததிலிருந்து. நல்ல சேதியை நானே சொல்லணும் என்று ஆசை. இலவம்பஞ்சு எடுத்துக்கொண்டிருந்தாள். தலையெல்லாம் பஞ்சு.

"காப்புக் கட்டிட்டான் தாயி. கடைப் பக்கமே போறதில்ல."

"கயிறு கட்டுன ஆளு ஒழுங்காத்தான் இருப்பாக பெரியப்பா. எங்கப்பா வருசா வருசம் ஒழுங்காத்தான் இருந்தாக. அவுத்த அன்னைக்கி எல்லாத்துக்கும் சேத்துக் குடிச்சாக."

தலைப் பஞ்சைத் தட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கயிறு அவுத்த மனுசன எனக்குக் காட்டுங்க. திருவிழா முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழம உங்க கூட்டத்துக்கே வாரேன். எல்லாரு முன்னாலயும் வாய ஊதச் சொல்லுவேன். வாடை வந்துச்சுன்னா இங்கனதான் என் பொழப்பு."

திரும்பும் பஸ்ஸில் எனக்கு உட்கார முடியவில்லை. காப்பு அவிழ்த்த அன்று கிடாக்கறி, சாராயம். கறி வேகும் முன்னே கிளாஸ் வந்துவிடும். எத்தனை சித்திரை நானே பார்த்தது! அந்த நாளை மறந்துவிட்டு அல்லவா கயிறு கட்டச் சொன்னேன்.

சித்திரை 20, வியாழன்

வீரபாண்டி. ராட்டினம், பொரிகடலை, தூசி, மேளம். வாங்கியது: செல்வி பிள்ளைக்கு ஒரு ஊதல். சுக்கு மறந்துபோச்சு.

பூசாரியைக் கேட்டேன், காப்பை அவிழ்க்காமல் விடலாமா என்று. "ஆத்தாவுக்கே அவுத்துருவோம் பெருசு. உங்க ஆளு ஆத்தாவுக்கு மேலயா?"

அண்ணாச்சியிடம் யோசனை கேட்டேன். அவர் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர், காப்பு சங்கதி அவருக்குப் புதுசு. "அன்னைக்கி முழுக்கக் கடையில உக்காத்தி வச்சிருவோம்யா. ஆணி பிரிக்கட்டும்."

த.வேலு காதில் விழுந்துவிட்டது. "கயிறு போனாச் சங்கிலியா? ஆட்டுக்குட்டியா நானு?" விறுவிறுவென்று போய்விட்டான். நியாயம்தான்.

சித்திரை 25, செவ்வாய்

ஒரே சந்தோசம். வரிசையாக எழுதணும்.

த.வேலு தீச்சட்டி எடுத்தான். முகமெல்லாம் புகைக்கரி. ஆற்றில் முங்கிக் காப்பை அவிழ்த்தான். கரையில் அவன் மச்சான், அத்தை மகன், கம்பத்துக்காரன், கிடாவை உரித்துக்கொண்டே: "ஏலே, சட்டி எறக்கியாச்சு, கயிறும் போயாச்சு. இன்னும் என்னடா பத்தியம்?" துண்டுக்குள் பாட்டில். த.வேலு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தேங்காய் உடைத்துத் திரும்பினால் ஆளைக் காணோம்.

அந்நேரம் பார்த்துக் கோடை மழை. மச்சான் கூட்டத்தில் போய்ப் பார்த்தேன், இல்லை. சாராயக்கடை முழுக்கப் பார்த்தேன், இல்லை. கடைத் தாழ்வாரத்தில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கி நின்றது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அங்கும் இல்லை.

எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்கிற இடத்தில் ஒற்றை ஆள். கூரை இல்லை, மரம் இல்லை. தொப்பலாக நனைந்து நிற்கிறான்.

"ஏலே, அங்கன ஒதுங்கி நின்னா என்னடா?"

"அங்கன ஒதுங்குனா உள்ள போயிருவேன் மாமா."

அவனுக்குத் திருப்பிச் சொல்ல அவனுடைய ஐப்பசிப் பேச்சைத் தயாராக வைத்திருந்தேன். சொல்லவில்லை. தேவைப்படவில்லை. நானும் பக்கத்தில் நின்று நனைந்தேன். பஸ் வர ரொம்ப நேரம். எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.

சித்திரை 30, ஞாயிறு

வானம் மப்பு. த.வேலுவுக்குச் சளி, மூக்கெல்லாம் சிவப்பு. நேற்று மச்சான் வீடு தேடியே வந்தானாம். இவன் கதவைத் திறக்கவில்லையாம்.

செல்வி வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை. அண்ணாச்சி தராசைத் துடைப்பதுபோல் நின்றார்.

"ஊதுங்க."

த.வேலு ஊதினான். பாதியில் தும்மல், அவள் மூஞ்சியிலேயே. முந்தானையால் துடைத்தாள்.

"இன்னொருக்க."

ஊதினான்.

"பீடி நாத்தம்," என்றாள். நின்றாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் வந்தாள்.

"சளி கட்டிக் கெடக்கு. சுக்கு எங்கன வச்சிருக்கீக பெரியப்பா?"

டப்பா காலி. கடைக்கு ஓட்டம், செருப்புகூடப் போடாமல்.