தலைவருக்கு ஜாமீன் நின்ற வாரம்

ஜூலை 3, வியாழன்

காலையிலிருந்து சாரல். தென்னை விளையில் தேங்காய் வெட்டு இன்றும் நடக்கவில்லை. தலைவரை நாகர்கோவில் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் மேலுள்ள நில மோசடி கிரிமினல் கேஸ் செவ்வாய்க்குத் தள்ளிப்போனது. கடற்கரைக்காரர்கள் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டுப் போட்ட சிவில் கேஸும் ஒத்திவைப்பு. அது என் பேரப்பிள்ளைகள் காலத்தில் முடியலாம்.

டெல்லியில் அமைச்சராக இருந்த மனிதர். ஜாமீனுக்கு கட்சிக்காரன் ஒருத்தனும் வரவில்லை. வீட்டையும் தென்னை விளையையும் காட்டி நான் போய் நின்றேன். மாவட்டம் தாண்டக் கூடாது என்று நிபந்தனை. ஆகவே என் வீட்டு மாடியில் தங்கல். மூன்று வேளையும் மீன் வேண்டும்.

அடுத்த மாதம் மதுரையில் மகளுக்குப் பிரசவம். போக முடியுமா என்று தெரியவில்லை. வீட்டுக்காரி சுகந்தி கேட்டாள்: "நீங்க அவருக்கு ஜாமீன் நின்னியளா, காவல் நிக்கியளா?"

ஜூலை 4, வெள்ளி

வாங்க வேண்டியது: கொசுவர்த்தி, தலைவருக்கு பிரஷர் மாத்திரை, நெய்மீன். (மலிவான சாளை மீன் இறங்காதாம் அவருக்கு.)

மாத்திரையோடு மாடி ஏறினேன். சாத்திய கதவுக்கு உள்ளே போன் பேச்சு. "ஞாயிறு ராத்திரி வள்ளம் வருமில்லா? அந்தப் பக்கம் ஆள் நிக்கட்டும்."

பாஸ்போர்ட்டைத்தான் கோர்ட் வாங்கி வைத்திருக்கிறது. கடலை யார் வாங்கி வைப்பது? செவ்வாய்க்கிழமை அவர் கூண்டில் நிற்காவிட்டால் வீடும் போச்சு, விளையும் போச்சு. மாத்திரையைத் திரும்பக் கீழே கொண்டுவந்துவிட்டேன்.

ஜூலை 5, சனி

வக்கீலைப் பார்த்தேன். ஜாமீனிலிருந்து விலகலாமாம். விலகினால் அன்றைக்கே தலைவர் ஜெயிலுக்கு. போலீசில் சொல்லவும் நாக்கு எழவில்லை. என் அம்மைக்கு இதய ஆபரேஷன் என்றபோது டெல்லி ஆஸ்பத்திரியில் பெட் வாங்கித் தந்தவர். அதன்பிறகு அம்மை எத்தனை கிறிஸ்துமஸ் பார்த்தாள்.

அவரிடமே கேட்டுவிட்டேன், எங்கேயாவது போகிறீர்களா என்று. தோளில் தட்டினார். "உன்ன விட்டுட்டு நான் எங்க மக்கா போவேன்?" சிரிப்பு வேறு. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

மழை விட்டது. கடல் அமைதி என்று மீன்காரி சொன்னாள். தலைவரும் ஆராதனைக்குக் கோயிலுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, முன் வரிசை.

எங்கள் சபையில் ஸ்தோத்திர காணிக்கைக் கவர் மேல் எதை எழுதினாலும் போதகர் அப்படியே மைக்கில் வாசிப்பார். பிறந்தநாள், குவைத் விசா, பசு கன்று போட்டது, எல்லாம். இன்றைய கடைசிக் கவர்: "இன்று இரவு வள்ளத்தில் புறப்படும் நம் தலைவரின் கடல் பயணத்துக்காக, பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பம்."

வாசித்து முடித்த பிறகுதான் போதகர் முழித்தார். பின்வரிசையில் இருந்த, தலைவர் கேஸை நடத்தும் அரசு வக்கீல் பாட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். தலைவர் திரும்பவே இல்லை. பிடரி மட்டும் சிவந்தது.

எழுதியது நான். இடது கையால்.

சாயங்காலமே வாசலில் போலீஸ் காவல். வள்ளம் வந்ததோ இல்லையோ, தெரியாது.

ஜூலை 8, செவ்வாய்

தலைவர் ஆஜர். விளை தப்பியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று மனதுக்குள் சொல்லி முடிக்கவில்லை, நீதிபதி உத்தரவு வந்தது. கேஸ் முடியும்வரை தலைவர் என் வீட்டு கேட்டைத் தாண்டக் கூடாது. ஜாமீன்தாரர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

காரில் தலைவர் கேட்டார், கவர் எழுதியது நீதானே என்று. ஆமா என்றேன். சாரலுக்குக் கார்க் கண்ணாடியை ஏற்றினார்.

"உங்க அம்மைக்கு பெட் கேட்டு நீ அழுதது எனக்கு இப்பவும் காதுல கேக்குது மக்கா."

நாலு ஏச்சு ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மதுரைக்கு சுகந்தி மட்டும் போகிறாள். பெட்டி எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். நாளைக்கு நெய்மீன் சொல்ல வேண்டும்.

விளக்கு வைக்கும் நேரம் மாடியிலிருந்து சத்தம்: "கேட்ட பூட்டிட்டியா மக்கா?"

பூட்டியாச்சு. உள்ளே நின்று.