ஜீப்பில் கட்டிய மஞ்சள் துணி

வல்லம்,
28-11-1991

என் செல்ல மகள் மஞ்சுளாவுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆதிகேசவப் பெருமாள் கண்பார்வையில் நான், உங்கப்பா, பசு, கன்றுக்குட்டி எல்லோரும் சௌக்கியம். மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நைட் டூட்டி முடிந்து வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுக்காதே. இங்கே மழை விட்டபாடில்லை, செம்பரம்பாக்கம் ஏரி ததும்பி நிற்கிறதாம், நம் கிணற்றில் குனிந்து சொம்பால் மொண்டுகொள்ளலாம் போல இருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன். போன வாரத்துக்கு முந்தின வாரம் உங்கப்பா உனக்கு ஒரு கடிதம் போட்டார் அல்லவா, நீ பார்த்து வாங்கித் தந்த ஜீப் உதவாத வண்டி, விற்கப்போகிறேன், இனிமேல் தெரியாத விஷயத்தில் தலையிடாதே என்று, அதைக் கிழித்துப் போட்டுவிடு. கோபமாகப் பதில் எழுதியிருந்தாயானால் அதைத் தபால்காரரிடம் நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன், அவர் கைக்குப் போகாது. நடந்தது என்னவென்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஐப்பசி பிறந்ததும் ஒரகடம் பக்கம் நிலம் அளக்க வந்த கம்பெனிக்காரர்கள் நம் ஜீப்பை மாத வாடகைக்குப் பேசினார்கள். நல்ல காரியம் ஆயிற்றே என்று குடும்பமாகப் போய்ப் பெருமாளைச் சேவித்துவிட்டு ஏரிக்கரை வழியாகத் திரும்பினோம், வண்டி சேற்றில் இறங்கிவிட்டது. பின் சக்கரம் சுற்றுகிறதே தவிர நகரவில்லை. உங்கப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் தள்ளினார், தசரதன் சித்தப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அவருக்கு என்ன தெரியும், ஹார்ன், வைப்பர், லைட்டு எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டுக் கடைசியில் கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கிற குட்டைக் கம்பியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவ்வளவுதான், முன் சக்கரமும் சேர்ந்து இழுக்க, எருமை குட்டையிலிருந்து எழுந்து வருகிற மாதிரி வண்டி மேலே வந்துவிட்டது, உங்கப்பா மட்டும் சேற்றில் குப்புறக் கிடந்தார். பெருமாள்தான் அந்தக் கம்பியில் வந்து கை கொடுத்தார் என்று அங்கேயே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து அந்தக் குட்டைக் கம்பியிலேயே கட்டினேன். வண்டி ஒரு சேதமும் இல்லாமல் ஓடினால் சித்திரையில் உடையவர் உற்சவத்தன்று அவிழ்த்து உண்டியலில் சேர்க்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன், அதுவரை அந்தக் கம்பியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இதில் என்ன தப்பு, நீயே சொல்.

மறுநாளிலிருந்து வண்டிக்கு வியாதி பிடித்துக்கொண்டது. ஸ்டியரிங் அம்மிக்கல்லாகிவிட்டது, தார் ரோட்டில் திருப்பினால் கால் சுளுக்கின ஆள் மாதிரி கெந்திக் கெந்திப் போயிற்று, முன் டயர் அழிரப்பர் தேய்கிற மாதிரி தேய்ந்தது, பெட்ரோல் குடித்த குடியில் என் மாதக் கணக்கில் பெட்ரோல் அரிசியை மிஞ்சிவிட்டது. மெக்கானிக் சுப்பன் ஸ்டியரிங்கைப் பிரித்துக் கிரீஸ் வைத்தார், காற்றுப் பார்த்தார், டயரை முன்னும் பின்னுமாக மாற்றினார், ஒன்றும் பலிக்கவில்லை, கடைசியில் வண்டிக்கு வயசாகிவிட்டது என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். நடுவில் ஒருமுறை அவர் அந்தக் குட்டைக் கம்பியைப் பிடிக்கப் போனாராம், அது என் வீட்டுக்காரி வேண்டுதல், தொடாதே என்று உங்கப்பாவே தடுத்துவிட்டாராம், பார், என் பேச்சை அவர் கேட்ட ஒரே சமயம் அதுதான். நானும் என் பங்குக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டேன். தசரதன் சித்தப்பா சும்மா இருப்பாரா, டீக்கடையில் நாலு பேர் நடுவில், "பொட்டப் புள்ள பாத்து வாங்குன வண்டிண்ணா, இன்னா பண்ணும், வெக்கப்பட்டுக்கினு வளைய மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டார். கடையே சிரித்ததாம். வீட்டுக்கு வந்த உங்கப்பா கை கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்து உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினார். பூந்தமல்லி புரோக்கர் கோபாலுக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்து வண்டியை எடுத்துப் போகச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். தினம் காலையில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் காபி குடிக்கிற மனுஷன், அந்தப் பக்கம் முகம் திருப்புவதையே விட்டுவிட்டார். எனக்கு வண்டி போவது பெரிதில்லையடி. லீவில் வந்து ஊர் ஊராக அலைந்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, நீ வாங்கின பொருள். அதை ஒரு பேச்சுக்காக விற்றுவிட்டால் அடுத்த தரம் நீ வரும்போது அப்பாவும் மகளும் எப்படி முகம் கொடுத்துப் பேசுவீர்கள் என்றுதான் எனக்குத் தூக்கம் போயிற்று.

அதனால் யாரிடமும் சொல்லாமல் காஞ்சிபுரத்துக்கு ஒரு கார்டு போட்டேன், நீ வண்டியை யாரிடம் வாங்கினாயோ, அந்த ஃபாரஸ்ட் ஆபீசர் இராமச்சந்திரன் சாருக்கு. பாவம், சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, எத்தனை நாளாக நாலு சக்கரத்தில் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் குட்டைக் கம்பியை இழுத்தால் முன் சக்கரத்துக்கும் இன்ஜின் இழுப்பு போகுமாம், அது சேற்றுக்கும் மணலுக்கும் மட்டும்தானாம், தார் ரோட்டில் அப்படியே விட்டால் திரும்பும்போது முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம் கேட்டு ஒன்றோடொன்று மல்லுக்கட்டுமாம். சொல்லிக்கொண்டே கம்பியில் கை வைக்கப் போனார். தொடாதீர்கள் என்றேன், சுட்ட மாதிரி கையை எடுத்துவிட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். உங்கப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. வண்டிக்குச் சேதம் வரக் கூடாது என்றுதானே வேண்டினோம், வேண்டுதலே சேதம் பண்ணினால் பெருமாள் ஒப்புவாரா, மற்றவர்கள் தொடக் கூடாது என்றுதானே சொன்னேன், நான் தொடக் கூடாது என்று சொல்லவில்லையே என்று எனக்கு அப்போது தோன்றியது. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கம்பியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது இறுகிப்போய் அசையவே இல்லை. வண்டியை நேராகக் கொஞ்சம் பின்னால் விடுங்கள், அப்போது முன்னால் தள்ளுங்கள் அம்மா என்றார் சார். உங்கப்பா ஸ்டியரிங்கில் உட்கார்ந்து மெல்லப் பின்னால் விட்டார், நான் பெருமாளே என்று தள்ளினேன், டக்கென்று விழுந்தது. முடிச்சு அப்படியே இருந்தது.

உங்கப்பா என்னை இறங்கக்கூட விடவில்லை. நேராகத் தசரதன் சித்தப்பா வீட்டுக்கு ஓட்டினார், அவர் வாசல் வைக்கோல் போரை ஒற்றைக் கையால் வளைத்து வளைத்துச் சுற்றினார். "டேய் தசரதா, வெளிய வந்து பாருடா, வெக்கம் தெளிஞ்சிடுச்சி" என்றார். சித்தப்பா பல் குச்சியும் வாயுமாக நின்றது நின்றபடி நின்றார். ஞாயிற்றுக்கிழமை கோபால் வந்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பேசினதைவிட மேலே தருகிறேன் என்றார், உங்கப்பா காபி மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இப்போது வேறொரு சங்கடம். கம்பெனிக்காரர்களுக்குப் போகிற இடமெல்லாம் சேறு, சேறு வந்தால் கம்பியை இழுக்க வேண்டும், ரோடு வந்தால் தள்ள வேண்டும், சித்திரை வரை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது. அதனால் திங்கட்கிழமை முதல் நானும் வண்டியில் போகிறேன். பசுவைப் பக்கத்து வீட்டு ரத்னா பார்த்துக்கொள்கிறாள். இந்த அம்மா யார் என்று ஒரு இன்ஜினியர் தம்பி கேட்டதற்கு, இவங்கதான் செகண்ட் டிரைவர் என்று உங்கப்பா சிரிக்காமல் சொன்னார். எல்லோருக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக்கொண்டு போகிறேன், அவர்களுக்கு அதில் சந்தோஷம்தான்.

நீங்களே மகளுக்கு நாலு வரி எழுதுங்கள் என்று காலையிலிருந்து சொல்கிறேன், பேனாவில் மை இல்லை என்கிறார், கண்ணாடி எங்கே என்கிறார். சரி, என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கொல்லைப் பக்கம் போய்ப் பசுவைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்து, "வண்டி நல்லாத்தான் கீது, கொழந்த நல்லாத்தான் பாத்து வாங்கிகீதுன்னு எழுது. நான் சொன்னேன்னு எழுதாத" என்றார். ஆகையால் இதை நானாகவே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்.

தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல் இரு அம்மா. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஃபேனடியில் நிற்காதே. உற்சவத்துக்கு இப்போதே லீவு சொல்லி வை, நீ வந்து பக்கத்தில் நின்றால்தான் முடிச்சை அவிழ்ப்பேன். அதற்குமேல் அந்தக் கம்பியை உங்கப்பாவே இழுத்துக்கொள்ளட்டும், எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது.

உன் அம்மா,
கோ. சந்திரம்மாள்